அடி தெரிந்த கடல்

எங்கள் எண்ணூர்க் கடலில் அடிமணல் தெரிந்தால் அங்கே கணுக்காலுக்கும் கீழேதான் தண்ணீர். அதைத் தாண்டினால் சாம்பலும் எண்ணெயும் கலந்த கறுப்பு. அந்தக் கணக்கோடுதான் நானும் கணவரும் அந்தமானுக்குச் சுற்றுலா போனோம்.

படகு கரைக்குச் சற்றுத் தள்ளி நின்றது. கீழே மணல் வரிவரியாகத் தெரிந்தது.

"அடி தெரியுது பாரு. முட்டி அளவு கூட இல்ல. நடந்துகினே கரைக்குப் பூடலாம்" என்றவர், படகுக்காரர் திரும்புவதற்குள் குதித்துவிட்டார்.

அவருக்கு நீச்சல் தெரியாது. எங்கள் கடலில் குளிக்க யார் இறங்கினார்கள்?

அவர் கீழே போய்க்கொண்டே இருந்தார். உப்பிய சட்டை, என்னைத் தேடிய கண்கள், வாயிலிருந்து ஏறிய குமிழிகள், எல்லாமே கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதுபோலத் தெளிவாகத் தெரிந்தன. அலறினேன். படகுக்காரர் பாய்ந்து, சட்டையைப் பிடித்து மேலே இழுத்துவந்தார்.

"ரெண்டு ஆள் ஆழம் சார். சுத்தமான தண்ணி, அடிய கிட்டத்துல காட்டும்."

இருமி முடித்தவர் சொன்னார்: "எங்கூரு கடலு கலீஜுதான் நைனா. ஆனா இப்டி ஏமாத்தாது."

மீதி நாட்கள் நன்றாகவே போயின. நண்டு தின்றோம், மணலில் படுத்துக் கிடந்தோம். தண்ணீர்ப் பக்கம் மட்டும் அவர் போகவில்லை.

ஊர் திரும்பிய ஞாயிறு, எண்ணூர்க் கடலில் முட்டி அளவு தண்ணீரில் குனிந்து நின்றிருந்தார்.

"இன்னாய்யா தேடினுகீற?"

"என் காலத்தான். தெரியவே இல்லியே."

சிரிக்க வாய் திறந்தவள், இறங்கி நானும் குனிந்தேன். பிறந்ததிலிருந்து இதே கரைதான். என் கால் எங்கே என்று அன்றுதான் முதன்முதலாகத் தேடினேன்.