லைட் அணைய வேண்டும் என்று மன்றாடினேன்

எங்கள் பழைய கார் பள்ளத்தில் விழுந்தால் அதன் முன்லைட் செத்துவிடும். சில நேரம் சுவிட்சை மூடினாலும் அணையாது. சண்டைக் காலத்தில் அணையாத லைட்தான் பெரிய பயம். சோதனைச் சாவடிக்குக் கிட்டப் போகும்போது முன்லைட்டை அணைத்து உள்லைட்டைப் போட வேண்டும். உள்ளே இருப்பவர்களின் முகம் சாவடியில் நிற்கிற ஆமிக்காரருக்குத் தெரிய வேண்டும். முன்லைட்டோடு வருகிற வண்டியைக் குண்டு வண்டி என்று நினைத்துச் சுட்டால் கேட்க ஆளில்லை.

கொட்டாஞ்சேனை கராஜில் ஒரு சிங்கள மெக்கானிக், பாஸ் என்று கூப்பிடுவோம், பல்பை மாற்றினார். பிறகு சுவிட்சையும் மாற்றினார். கொஞ்ச நாள் ஒழுங்காக இருந்து, திரும்பவும் அதே கதை.

"அங்கிள், பல்ப் ஹரி, சுவிட்ச் ஹரி. வயர்தான் கிழவன் ஆகிட்டான்" என்று என் கணவரிடம் சொன்னார். பல்பும் சுவிட்சும் சரிதானாம். வயர் முழுவதையும் மாற்றக் காரை ஏழு நாள், ஒரு கிழமை, கராஜில் விட வேண்டுமாம். என் கணவர் அந்தக் காரில்தான் வாடகைக்கு ஓடினார். விட மனம் வரவில்லை.

ஆனி மாதம், அந்தோனியார் திருநாளுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. பாமன்கடையில் தங்கைக்கு உடம்பு வருத்தம் என்று பார்க்கப் போனோம். மழை விடாமல் பெய்து இருட்டிவிட்டது. இரவு நின்றுவிட்டுப் போகச் சொல்லித் தங்கை மறித்தாள். பொலிசில் பதியாமல் இரவு தங்கினால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற பயத்தில் வெளிக்கிட்டோம்.

துறைமுகப் பக்கம் வந்ததும் சாவடி. கணவர் சுவிட்சை மூடினார். லைட் அணையவில்லை. திருகினார், இழுத்தார், அடித்தார். வெளிச்சம் நேரே ஆமிக்காரரின் கண்ணில் அடித்தது.

"லைட் நிவபங்!" லைட்டை அணை என்று கத்தினார்கள். துவக்குகள் எங்கள் பக்கம் திரும்பின. எஞ்சினை நிறுத்தியும் லைட் எரிந்தது. இறங்கிப் பற்றரி வயரைக் கழற்றலாம் என்றால், கதவைத் திறந்தாலே சுடுவார்கள். எனக்குச் சிங்களமும் வராது. காரைப் பற்றியும் ஒன்றும் தெரியாது. கும்பிட மட்டும் தெரியும்.

சீட்டுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவில் எப்படி இறங்கினேனோ தெரியாது. முழங்காலில் நின்றேன்.

"என்ன செய்யிறீர்? எழும்பும்! அசைஞ்சா சுடுவாங்கள்!" கணவர் பதறினார்.

"இஞ்சேருங்கோ, கத்தாதேங்கோ. நான் கும்பிடுறன்."

வாழ்நாளெல்லாம் கடவுளிடம் வெளிச்சம் கேட்டவள் நான். அன்று, "அந்தோனியாரே, எங்களுக்காகக் கேளும். இந்த லைட்டை நூர்த்து விடும்" என்று அழுதேன். அழுது குனிந்ததில் தலை டாஷ்போர்டுக்கு அடியில் முட்டியது.

லைட் அணைந்தது.

ஒரு ஆமிக்காரர் டோர்ச்சோடு வந்து குனிந்து பார்த்தார். "மொகத அம்மே?" என்ன அம்மா இது என்று கேட்டார். எனக்கு எழும்ப இயலவில்லை. இறுகிப்போய்க் கிடந்தேன். இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தெடுத்தார்கள். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். முன்லைட் பிறகு எரியவில்லை. உள்லைட்டோடு ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தோம்.

அடுத்த நாள் பாஸ் டாஷ்போர்டுக்கு அடியில் படுத்துப் பார்த்தார். தோல் உரிந்த இரண்டு வயர்கள் ஒட்டிக்கொண்டு, சுவிட்சைக் கேளாமல் லைட்டை எரித்திருக்கின்றன. என் தலை பட்டு அவை பிரிந்து, ஒன்று அறுந்தும் போய்விட்டதாம்.

"நோனா தலையால ரிப்பயர் செஞ்சிருக்கு!" என்று என்னைக் காட்டிச் சிரித்தார்.

"அப்ப இவவை நீர் வேலைக்கு வைச்சுக்கொள்ளும்" என்றார் கணவர். காரை ஒரு கிழமை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

தலை பட்டது உண்மைதான். அந்த நேரம் என்னை முழங்காலில் நிறுத்தியது யார்?

எங்கள் வீதியில் ஆமியிடம் பிடிபட்டுப் போய்த் திரும்பி வராத பிள்ளைகளின் தாய்மாரும் என்னைப்போலத்தான் கும்பிட்டார்கள். அது ஏன் அப்படி என்று எனக்கு விளங்கவில்லை. கடவுளிடம் கேட்கவும் பயம். ஒவ்வொரு செவ்வாயும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் நன்றி சொன்ன பிறகு, அந்தத் தாய்மாருக்காகவும் முழங்காலில் நிற்கிறேன். முன்பெல்லாம் எனக்கு மட்டும்தான் கேட்பேன்.

சபையில் எழும்பிக் கதைக்க வெட்கப்பட்டு இதை எழுதித் தருகிறேன். பிரியமானவர்களே, ஒன்றும் செய்ய ஏலாமல் இருக்கிறீர்களா? கோயிலுக்குப் போய்ச் சேரும்வரை பொறுக்காதீர்கள். இடம் ஒடுக்கம், ஆட்கள் பார்க்கிறார்கள் என்றும் நினைக்காதீர்கள். அந்த இடத்திலேயே முழங்காலில் நில்லுங்கள். கடவுள் பார்த்துக்கொள்வார்.