இடி வீட்டுப் பிறந்தநாள்

எங்கள் சின்ன நாத்தனார் மகளுக்கு மாப்பிள்ளை தேடியபோதுதான் ‘இடி’ என்ற பெயர் முதன்முதலில் காதில் விழுந்தது. “மைக் செட் வாடகைக்கு விடறான். தங்கமான பையன். பேசினா மட்டும் ரெண்டு தெரு தள்ளிக் கேட்கும்” என்றார் தரகர். பொய்யில்லை. மைக்கைச் சோதிக்க அவர் ‘ஹலோ, ஹலோ’ என்றால், சத்தம் பெட்டியிலிருந்து வருகிறதா, தொண்டையிலிருந்து வருகிறதா என்று கூட வேலை செய்கிறவர்களுக்கே குழம்பும்.

அவருக்கே பெண்ணைக் கொடுத்தோம். அந்த மனிதருக்குப் பிறந்த பாப்புவோ மிக்ஸி ஓடினாலே காதைப் பொத்திக்கொள்வாள். ஆட்டிசம் என்றார் டாக்டர். “கடவுளுக்கும் குறும்பு ஜாஸ்திதான்!” என்று சிரித்த இடி, வீட்டையே மாற்றினார். நாற்காலிக் கால்களுக்கெல்லாம் பழைய சாக்ஸ் மாட்டினார். வாசல் மணியைப் பிடுங்கிவிட்டு, அமுக்கினால் உள்ளே பச்சை விளக்கு எரியும்படி செய்தார்.

பாப்பு அதிகம் பேசமாட்டாள். சிக்கு விழுந்த வயரைக் கொடுத்தால் போதும், பொறுமையாகப் பிரித்து, வட்டமாகச் சுருட்டி, நிறம் பார்த்து அடுக்கிவிட்டுத் துள்ளுவாள். கூடவே அவரும் துள்ளுவார். தொப்பை தனியாகத் துள்ளும்.

போன பிறந்தநாளில் நாங்கள் எல்லாரும் பாடிக் கைதட்டியதில், கட்டிலுக்கடியில் போனவள் வெளியே வரவேயில்லை. கேக்கை அவள் இல்லாமலே வெட்டினோம். இந்த முறை மகள் கடைசிவரை கூடத்தில் இருக்க வேண்டும், இடிக்கு அது ஒன்றுதான் ஆசை. வீடு வீடாகப் போய்ச் சொன்னார்: “பாட்டு கிடையாது, பலூன் கிடையாது, கைதட்டக் கூடாது. ஆளுக்கொரு வயரை நல்லாச் சிக்காக்கி எடுத்துட்டு வாங்க.”

“அதெல்லாம் சரி மச்சான், உங்க வாயை எங்கே கழட்டி வைப்பீங்க?” என்றான் இடியின் மனைவியுடைய தம்பி.

“டேய் மாப்ள, எனக்கா அடக்கிப் பேசத் தெரியாது?” அவர் கேட்டது தெருமுனைவரை போயிற்று.

அன்றைக்கு வந்தவர்களெல்லாம் தரையில் உட்கார்ந்து கிசுகிசுத்தார்கள். பாப்பு ஒவ்வொரு மடியாகப் போய் வயரை வாங்கி, பிரித்து, சுருட்டி அடுக்கினாள். எல்லாம் முடிந்ததும் தானாகவே கத்தியை எடுத்துக் கேக்கில் வைத்தாள். இடிக்கு நெஞ்சு கொள்ளவில்லை.

“அப்படிப் போடு என் ராசாத்தி!”

ஜன்னல் அதிர்ந்தது. பாப்பு கத்தியைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்தினாள். கட்டில் இருந்த அறைப்பக்கம் திரும்பினாள். “கெடுத்தேனே…” என்று இடி தன் வாயைப் பொத்திக்கொண்டு பொத்தென்று தரையில் உட்கார்ந்தார்.

பாப்பு நின்றாள். காதிலிருந்து ஒரு கையை எடுத்தாள். நேரே அப்பாவிடம் வந்து, அவர் சட்டையின் மேல்பொத்தானைப் பிடித்து, ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தைக் குறைக்கிற குமிழைப் போல இடப்பக்கமாக மெல்லத் திருகினாள்.

“குறைச்சாச்சு கண்ணு” என்றார் இடி, உதடு மட்டும் அசைய.

அவள் திரும்பிப் போய்க் கேக்கை வெட்டினாள். நாங்கள் சத்தமில்லாமல் சிரித்ததில் தோள்கள்தான் குலுங்கின.

இப்போதெல்லாம் வீட்டில் இருக்கும் நேரம் இடி நாற்காலியில் உட்காருவதில்லை. கூடத்துத் தரையில் உட்கார்ந்திருக்கிறார், மகள் கைக்கு எட்டுகிற உயரத்தில்.