மாயக்காள் மெஸ்ஸின் கோசுச் சுக்கா

"ஊருல அம்புட்டு ஆம்பளையும் மாலையப் போட்டுக்கிட்டா, என் கறிச்சட்டிய யாரு கழுத்துல மாட்டுறது?"

கார்த்திகை பிறந்ததும் மாயக்காள் இப்படி ஆரம்பிப்பார். மார்கழி முடியும்வரை ஓயமாட்டார். திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கறிச்சுக்காவுக்குப் பேர்போன மெஸ் அவருடையது. காசிமாயனைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவர். புருஷன் சீக்கிரமே போய்ச் சேர, அடுப்பும் நாலு பெஞ்சும் மிச்சம். எண்பதுகளின் தொடக்கத்தில் ஊரில் திடீரென்று பக்தி பெருகியது. வருஷமெல்லாம் எலும்பை உறிஞ்சி மேசையில் தட்டியவர்கள், சபரிமலைக்கு மாலை போட்டதும் கறி வாசம் வரும் தெருவைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இந்தப் புலம்பலை, அங்கே வாடிக்கையாகச் சாப்பிடும் நான் அவர் குரலிலேயே சொல்லிக்காட்டினால் சாப்பிடுகிறவர்களுக்குப் புரையேறும். மாயக்காள் கோபப்பட மாட்டார். என் இலைக்கு மட்டும் ரசம் ரொம்பத் தெளிவாக வரும்.

அப்படி ஒரு வருஷம், தை வரை கடையைப் பூட்டவேண்டிய நிலை. பூட்டினால் வாடிப்பட்டி அண்ணன் வீடுதான் கதி. அண்ணன் பெண்டாட்டி செல்லக்கிளி சோறு போடுவாள். கரண்டிக்கு ஒரு பழமொழியும் சேர்த்துப் போடுவாள். அதற்குப் பயந்தே மாயக்காள் சைவத்துக்கு மாறினார். புதுப் பாத்திரம் வாங்கி, கடையைக் கழுவிவிட்டு, சூடம் காட்டினார். லாரி ஷெட் விருமாண்டி, தன்னோடு மாலை போட்ட கூட்டம் மொத்தத்தையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டிவருவதாக வாக்குக் கொடுத்தார். மாயக்காளுக்கு அவர் போன மாதம்வரை 'டேய் விருமாண்டி', இப்போது 'சாமி'.

குளிர்காலத்தில் மலையிலிருந்து கோசு லாரி லாரியாக இறங்கும். மார்க்கெட் மாடுகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மாயக்காளும் அதையே வாங்கினார். சிக்கல் என்னவென்றால், அவருக்குத் தெரிந்தது ஒரே சமையல். சட்டியில் எது விழுந்தாலும் அதற்குச் சுக்காவின் தலையெழுத்துதான். சோம்பு, பட்டை தாளித்து, சின்ன வெங்காயம் வதக்கி, கோசைக் கனமாக நறுக்கிப் போட்டு, மிளகைத் தூவி, சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் மூடிவைத்தார். கோசு தன் தண்ணீரிலேயே மெதுவாக வெந்து, சுண்டி, ஓரம் கறுத்து, எண்ணெய் மினுங்க இறங்கியது.

முதல் பந்தி. விருமாண்டி ஒரு வாய் வைத்தார். திடுக்கிட்டு இலையை விட்டுக் கையெடுத்தார். கூட்டமே கையெடுத்தது.

"சாமி, இது என்ன?"

"கோசு சாமி."

"கோசு இப்பிடியா மணக்கும்? பழைய சட்டியில வச்சியா?"

"புதுச்சட்டி சாமி. கடைக்காரன் ஒட்டுன தாளு இன்னும் கைப்பிடியில இருக்கு, பாக்குறீகளா?"

சட்டியையே தூக்கிவந்து நடுவில் வைத்து, அடிவரை கிளறிக் காட்டினார். கோசைத் தவிர ஒன்றுமில்லை. விருமாண்டி குனிந்து முகர்ந்தார். பஞ்சாயத்துத் தீர்ப்புச் சொல்வதுபோலத் தொண்டையைச் செருமினார்.

"கண்ணுக்குக் கோசுதான், ஒத்துக்கிறேன். மூக்குக்குக் கறியால்ல இருக்கு. வெரதம் மூக்குக்கும் உண்டுல்ல?"

"அப்ப மூக்க வீட்டுல வச்சிட்டு வாங்க சாமி."

யாரும் சிரிக்கவில்லை. மோரை மட்டும் குடித்துவிட்டு எழுந்தார்கள். "நாளைக்குச் சுத்தமா வையி. இல்லேன்னா வேற கடை பாத்துக்கிறோம்," என்றார் விருமாண்டி.

மறுநாள் சோம்பு இல்லை, பட்டை இல்லை. மஞ்சளும் உப்பும் போட்டு, நிறையத் தண்ணீரில் வேகவைத்த கோசு ஆஸ்பத்திரி வாசத்தோடு வந்தது. சாமிகள் பக்தியோடு பார்த்தார்கள். பக்தியோடு ஓரமாக ஒதுக்கினார்கள். நாளுக்கு நாள் பந்தி சுருங்கியது. விரதம் கெடவில்லை, வியாபாரம் கெட்டது. மாயக்காள் வாடிப்பட்டிக்குத் துணிமூட்டை கட்டிவிட்டார்.

அன்று விருமாண்டி மட்டும் முன்னதாகவே வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் தலையை நீட்டினார்.

"யக்கா..."

"அக்காவா? மாலை போட்டா எல்லாரும் சாமிதான?"

"சரி சாமி. அன்னிக்கு வச்ச மாதிரியே வச்சிருங்க. பயலுக ஏங்கிப்போய்க் கெடக்காய்ங்க."

"மூக்கு?"

"மூக்கு என்ன சாமி மூக்கு. மலையேறுறவனுக்குத் தெம்பு வேணும்ல."

மாயக்காள் சோம்பு டப்பாவைத் திறந்து, அவர் மூக்குக்கு நேரே ஒரு தடவை நீட்டிவிட்டுச் சட்டியை அடுப்பில் ஏற்றினார்.

"வைக்கிறேன் சாமி. ஆனா திங்கிறப்ப கண்ண நல்லாத் தொறந்து, கோசப் பாத்துக்கிட்டே தின்னுங்க. கண்ண மூடி மனசுக்குள்ள எலும்பக் கடிச்சிட்டு, அப்பறம் வெரதம் கெட்டுருச்சுன்னு எங்கிட்ட வராதீக. மனசுக்கு மூடி நீங்கதான் போட்டுக்கணும். எங்கிட்ட இருக்கறது சட்டிக்குப் போடுற மூடி மட்டுந்தான்."