புறா கலரின் மூன்றாவது மேசை

நடுவர் மேசைக்குப் போகும் முன், உள்ளங்கையை லேசாக நனைத்துக்கொண்டு முயலை வாலிலிருந்து தலைப் பக்கமாக எதிர்த்துத் தடவ வேண்டும். உதிரப் போகிற முடியெல்லாம் கையோடு வந்துவிடும். முயல் கண்காட்சிக்குப் போகிற எல்லோரும் செய்வதுதான். அன்றைக்கு ஒரகடத்துக் கல்யாண மண்டபத்தில் என் பெண்முயலை அப்படித் தடவிவிட்டுக் கையைத் திருப்பிப் பார்த்தேன். முடியோடு சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றலும் ஒட்டியிருந்தது.



முயல் மேல் என்ன ஒட்டினால் என்ன என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். காது தொங்குகிற இந்தக் குட்டை இனத்தில் கருப்பு, வெள்ளை, பிரவுன், கிரே என்று நாலு நிறத்துக்குத்தான் மரியாதை. நான் மொட்டைமாடிக் கூண்டுகளில் பிரவுனையும் கிரேயையும் சேர்த்து, அதன் குட்டிகளுக்குள் மறுபடி சேர்த்து, கோடை முழுக்க ஈரச் சாக்குப் போட்டுக் காப்பாற்றி, ஒரு புது நிறத்தைக் கொண்டுவந்திருந்தேன். சாம்பலில் லேசாக ரோஸ் ஓடும். புறா கலர் என்று பெயரும் நானே வைத்தேன்.

வைத்தால் போதுமா? சங்கத்துக்காரர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். வளர்ந்த ஜோடி ஒன்று, இளசு ஜோடி ஒன்று, ஆக நாலு முயல். தொடர்ந்து மூன்று கண்காட்சியில் நாலும் தேற வேண்டும். நடுவில் ஒன்று தவறினாலும் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். அதுவரைக்கும் நம் முயலுக்குப் பரிசு கிடையாது, ஓரத்து மேசைதான், போகிற வருகிறவர்கள் கலப்படம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எங்கள் சேரப்பணஞ்சேரியில் அது கூட இல்லை. "கறி கிலோ இன்னா வெலம்மே?" என்பார்கள். "ஒன் வூட்டு நாயி கிலோ இன்னா வெலன்னு சொல்லு, அப்பால சொல்றேன்" என்பேன். அதற்கப்புறம் கேட்க மாட்டார்கள்.

இரண்டு கண்காட்சி தேறிவிட்டது. இது மூன்றாவது.

கூண்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தேன். திருநெல்வேலிப் பக்கத்து மனுஷர். இங்கே கார் கம்பெனியில் பெயிண்ட் ஷாப்பில் டச்-அப் வேலை. லைனில் வருகிற வண்டியில் புள்ளியோ கீறலோ இருந்தால் அதே ஷேடில் பூசி மறைத்து அனுப்புவதுதான் அவர் வேலை. அவர் கண் என் கையைப் பார்த்துவிட்டு மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தது.

"இன்னாயா பண்ணி வெச்சிக்கீற?"

"மெதுவாப் பேசு பிள்ள. கழுத்துக்குப் பின்னால கடிபட்ட எடத்துல முடி வெள்ளையா மொளைச்சிருந்துச்சு. புளியங்கொட்ட அளவுதான். சொன்னா நீ தாங்க மாட்டேன்னு..."

பக்கத்துக் கூண்டு ஆண்முயல் கம்பி வழியாகக் கடித்த காயம் அது. மஞ்சள் வைத்து நான்தான் ஆற்றினேன். பொருக்கு உதிர்ந்த பிறகு என் நிறமே முளைத்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன். வெள்ளைத் திட்டு இருந்தால் முயல் அவுட். சாயம் பூசியது தெரிந்தால்? புறா கலரே பூசின கலர்தான் என்று பேசுவார்கள். அப்புறம் எந்த ஜென்மத்தில் நான் அதை மேசையில் வைப்பது?

அதற்குள் நடுவர் எங்கள் மேசைக்கு வந்துவிட்டார். முதலில் ஆண்முயலைத் தூக்கினார். முடியை ஊதி அடி நிறத்தைப் பார்த்தார், ஒவ்வொரு நகமாகப் பார்த்தார். நான் பெண்முயலை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க அது பரவியது. ஆண்முயல் தேறியது. இளசு இரண்டும் தேறின. என் முந்தானை பாழாய்ப் போயிருந்தது.

"விட்டுரு பிள்ள, அவருக்குத் தெரியாது" என்றார் வீட்டுக்காரர் காதோரம். தெரியாமலும் போகலாம். அந்த ஆசை எனக்கும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நாலாவதாக என் பெண்முயல் மேசைக்குப் போக வேண்டிய முறை வந்தது. நடுவர் கையை நீட்டினார்.

"சார், அது மேல சாயம் கீது" என்றேன்.

"நான்தான் சார் பூசினேன். அவளுக்கு இப்பத்தான் தெரியும்" என்று இவர் முன்னால் வந்து நின்றார்.

நடுவர் பஞ்சை நனைத்துத் துடைத்தார். வெள்ளை தெரிந்தது. கட்டை விரலால் அந்த இடத்தை அழுத்திப் பார்த்தார்.

"காயத் தழும்புங்க இது. தழும்புல வெள்ளை மொளைக்கிறது சகஜம். அப்படியே கொண்டுவந்திருந்தா ஒண்ணு ரெண்டு மார்க் கொறைச்சுட்டுத் தேத்திவிட்டிருப்பேன்" என்றார்.



"இப்போ?" என்றேன்.

"பூசின முயலை எடுத்துக்க முடியாதும்மா. மத்த மூணும் சுத்தம், கலர் உண்மைதான். ஆனா நாலு வேணும். மொதல்லேர்ந்து வாங்க."

மண்டபத்துக்கு வெளியே கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் எனக்கு வசதியாகப் போயிற்று. வாயில் வந்த அத்தனையும் கொட்டினேன். அவர் வம்சத்தையே இழுத்தேன். அவர் கூண்டைத் தரையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்து நின்றார். மூச்சு வாங்கியதும் மனதில் உறுத்திக்கொண்டிருந்த ஒன்றைக் கேட்டேன். காலையில் கூண்டில் ஏற்றும்போது வெளிச்சத்தில் வைத்துத்தானே பார்த்தேன். அந்த நிறத்தை உண்டாக்கின என் கண்ணுக்கே அது தப்பியது.

"இன்னாத்த கலந்த?"

"கம்பெனி பெயிண்ட் போட்டா, நக்கிச்சுன்னா செத்துரும்லா. திருநீறு, ஒன் கண்மை, கடைசில ஒரு துளி குங்குமம். குங்குமம் இல்லாம அந்த ரோஸ் வரல."

"அந்த ரோஸ் உனக்குத் தெரியுமா?"

அந்த ரோஸ் சங்கத்திலேயே பாதிப் பேர் கண்ணுக்குத் தெரியாது. சும்மா கிரேதானே என்பார்கள்.

"தெரியாம? நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து தெனமும் அதுங்க முன்னாலதான் உக்காந்திருக்கேன். வெயில் ஏறயில நல்லாத் தெரியும்."

இந்த மனுஷரை அடிப்பதா, அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. லாரிக்காரர்கள் பார்க்கப் பார்க்க இரண்டையும் செய்தேன்.