மூன்று மொட்டைகளில் யார் கோச்?

1. கோர்ட்டில் கார் நிறுத்தலாமா?

திருத்தணி முருகன் கோயிலில் ஆடிக் கிருத்திகை நெருங்கிக்கொண்டிருந்த சமயம், அந்த ஊரிலிருக்கும் எங்கள் பள்ளித் தாளாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அந்தப் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஓய்வு பெற்றேன் என்றுதான் பேர். பெண்கள் பாஸ்கெட்பால் டீமை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து சீரியல் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. தாளாளருக்குப் பொதட்டூர்பேட்டையில் லுங்கி வியாபாரம். ஊரே அவரை நைனா என்றுதான் கூப்பிடும்.

“மிஸ், அந்த கோர்ட்டு சும்மாதானே கெடக்குது? கிருத்திகைக்கு வர்ற காருங்கள அதுல நிறுத்திக்கலாம்னு பாக்கறேன். அப்பறமும் கூட்டம் கொறையவா போவுது?”

“சும்மாவா? தெனம் காலையில பொண்ணுங்க ஓடிக்கினு இருக்குதுங்களே, உங்க கண்ணு எங்க போச்சு நைனா?”

“ஓடுதுங்க, இல்லன்னு சொல்லல. ஜெயிக்கலியே. கோச்சு இல்லாத டீமுக்கு கோர்ட்டு எதுக்கு?”

இருந்த கோச் துபாய்க்குப் போய்விட்டார். எனக்குத் தெரிந்தது கோ-கோ. பாஸ்கெட்பாலைப் புத்தகம் பார்த்துச் சொல்லிக்கொடுத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். அதனால் வாயை அடக்கிக்கொண்டேன். எனக்கு அது லேசில் வராது.

நைனாவே ஒரு வழி சொன்னார். “சம்பளத்துக்கு ஆடி ரிட்டயர் ஆன பெரிய ஆட்டக்காரன் ஒருத்தனைப் புடிச்சுக்கினு வாங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள கோச்சு வந்தா கோர்ட்டு பொண்ணுங்களுக்கு. இல்லாங்காட்டி காருக்கு.”

2. என் சித்தாந்தமும் நைனாவின் ஃபிளெக்ஸும்

என் பழைய மாணவி ஒருத்தி சென்னையில் ஒரு பாஸ்கெட்பால் கிளப்பில் வேலை செய்கிறாள். அவளிடம் கேட்டதில், ஒரே டீமிலிருந்து அந்த வருஷம் ஓய்வு பெற்ற மூன்று பேர் இருப்பதாகச் சொன்னாள். ரகுவரன், பெரிய ஸ்டார். பாஸ்கர், டீமின் கேப்டன். மனோகர், காலம் பூராவும் சப்ஸ்டிட்யூட், பெஞ்சை விட்டு எழுந்ததே அபூர்வம். மூவருமே வருவதாக ஒப்புக்கொண்டார்கள்.

எனக்கு ஒரு சித்தாந்தம் உண்டு. ஸ்டாருக்குச் சொல்லித்தர வராது. அவனுக்கு எல்லாம் தானாக வந்தது. “இப்படிப் போடு” என்பான், அதற்கு மேல் அவனுக்கே தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்தவன்தான் வருஷக்கணக்காக ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்துக் கற்றவன். இதை நான் பள்ளி ஆண்டு விழாவிலேயே மைக் பிடித்துப் பேசியிருக்கிறேன். கேட்டவர்கள் கை தட்டினார்கள்.

“பெஞ்சுல குந்தினவனை வெச்சு நான் இன்னா பண்றது? அவனை யாருக்குத் தெரியும்?” என்று நைனா எரிந்து விழுந்தார். மறுநாளே ரகுவரன் படம் போட்டு, ‘எங்கள் பயிற்சியாளரே வருக’ என்று ஃபிளெக்ஸ் அடித்து கேட்டில் கட்டிவிட்டார். படத்தில் தோள் வரைக்கும் முடி, மார்பு வரைக்கும் தாடி. நடுவில் முகம் கொஞ்சம் தெரிந்தது.

3. வந்தார்கள்

ஞாயிறு காலை கேட்டுக்கு வந்து நின்ற ஆட்டோவிலிருந்து மூன்று பேர் குனிந்து இறங்கினார்கள். மூவருக்கும் ஒரே நீல டிராக் சூட். மூவரும் தென்னை மர உயரம். மூவரும் மொட்டை. தலையில் சந்தனம் காயவில்லை. தாடி மீசை ஒன்றும் மிச்சமில்லை.

கதை பிறகுதான் தெரிந்தது. பாஸ்கருக்கு முருகனிடம் ஒரு வேண்டுதல். மின்சார ரயிலில் இறங்கியதும் மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டார். அவர்கள் டீமில் ஒருவர் மொட்டை போட்டால் எல்லாரும் போடுவது வழக்கமாம். மற்ற இருவரும் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

“வணக்கம் மிஸ், என் பேரு...” என்று ஒருவர் ஆரம்பித்தார்.

நைனா பாய்ந்து தடுத்தார். “ஐயையோ, உங்களைத் தெரியாதா எங்களுக்கு? பேரு சொல்லித்தான் தெரியணுமா? வாங்க, வாங்க!”

அவர்களை உள்ளே அனுப்பிவிட்டு என்னைச் சுவரோரம் இழுத்தார். “மிஸ், இதுல எவன் ரகுவரன்?”

“நீங்கதானே தெரியும்னு சொன்னீங்க?”

“மரியாதைக்குச் சொன்னேம்மா!”

“போய்க் கேளுங்க.”

“ஃபிளெக்ஸ் அடிச்சு மாட்டிட்டு, நீங்க யாருன்னு கேக்கறதா? மானம் கப்பலேறிடும்.”

எங்கள் டீம் கேப்டன் ஷபானா, மெக்கானிக் பாஷா பாயின் மகள், ஃபிளெக்ஸை போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். “மிஸ், மூக்கு மட்டும்தான் தெரியுது. மூணு பேருக்கும் மூக்கு இருக்குது” என்றாள். வந்தவர்களோ ஒருவரையொருவர் ‘மச்சான்’ என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள். பேர் தெரிய வழியே இல்லை.

4. பரீட்சை

ஆளுக்குக் கொஞ்ச நேரம் பெண்களை வைத்துப் பயிற்சி தரச் சொன்னோம்.

முதல் மொட்டை பந்தைக் கையில் வாங்கினார். அவ்வளவுதான், திருப்பித் தரவில்லை. இந்தப் பக்கம் டிரிப்ளிங், அந்தப் பக்கம் லே-அப், நடுக்கோட்டிலிருந்து ஒரு ஷாட். எங்கள் பெண்கள் ஐந்து பேரும் அவர் பின்னால் கோழிக்குஞ்சு போல ஓடினார்கள். “கடைசியா ஒண்ணு, கடைசியா ஒண்ணு” என்று சொல்லிச் சொல்லி இன்னும் நான்கைந்து போட்டார். நைனா என் கையைப் பிடித்துக்கொண்டார். “இவன்தான் மிஸ்! ஸ்டாருன்னா இதான் ஸ்டாரு!”

எனக்கும் சந்தேகம் இல்லை. ஸ்டார் இப்படித்தான் சொதப்புவான் என்று நான் அன்றைக்கே மைக்கில் சொல்லவில்லையா?

இரண்டாவது மொட்டை பந்தைத் தொடவே இல்லை. “எங்க கோச் என்ன சொல்லுவாருன்னா...” என்று ஆரம்பித்தார். அதிலேயே அவர் நேரம் போய்விட்டது. ஷபானா கையைத் தூக்கி, “சார், அந்த கோச்சு இப்ப ஃப்ரீயா இருக்காரா?” என்று கேட்டாள். நான் முறைத்தேன். கேள்வி நியாயமானதுதான்.

மூன்றாவது மொட்டை கோர்ட் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நாங்கள் வைத்த மசால்வடையைத் தின்றுகொண்டே பெண்கள் ஆடுவதைப் பார்த்தார். பிறகு கல்பனாவைக் கூப்பிட்டார். கல்பனா நல்ல பெண். ஆனால் பந்து கைக்கு வந்தால் நெருப்பைத் தொட்டது போல அடுத்தவளிடம் தள்ளிவிடுவாள்.

“ஏம்மா, பந்து வந்த உடனே தள்ளிடற?”

“விட்டுட்டா ஷபானாக்கா திட்டும் சார்.”

அவர் வடையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டார். “சரி. இப்ப அஞ்சு நிமிஷம் கோர்ட்ல யாரும் பேசக்கூடாது. கல்பனா மட்டும்தான் பேசணும். அவ கூப்புட்டாத்தான் நகரணும். கூப்புடலன்னா நின்ன எடத்துலயே நில்லுங்க.”

முதலில் கல்பனா பக்கத்துப் பெண்கள் எல்லாரும் சிலையாக நின்றார்கள். நைனா கொட்டாவி விட்டார். கல்பனா முணுமுணுத்தாள், யாருக்கும் கேட்கவில்லை. எதிரில் ஆட நிறுத்தியிருந்த ஜூனியர் பெண்கள் பந்தைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கூடையில் போட்டார்கள். இரண்டாவது முறையும் போட்டார்கள். மூன்றாவது முறை கல்பனாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

“ஏ ஷபானாக்கா! தூங்கிக்கினு இருக்கியா? உள்ள ஓடு! ஆங், அங்கதான்! புடி!”

ஷபானா ஓடினாள், பிடித்தாள், போட்டாள். கல்பனாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கப்படாமல் சொல்கிறேன். ஒரு வருஷமாக நான் திட்டியும் கெஞ்சியும் வராத குரல் அது.

5. மாலை

நான் மூன்றாமவரிடம் போனேன். “சார், நீங்க ரொம்ப வருஷம் பெஞ்சுல இருந்திருப்பீங்க. அதனாலதான் இவ்வளவு கவனம். நான் எப்பவும் சொல்லுவேன்...”

“பெஞ்சா?” என்று சிரித்தார். “என்னை ஒரு நாள் உக்கார விட்டாங்களா மிஸ்? ஆடி ஆடிச் சலிச்சுப் போச்சு. இப்ப பந்தைப் பாத்தா சாப்ட்டு முடிச்ச எலையைப் பாக்கற மாதிரி இருக்கு. இந்தப் பொண்ணுங்க ஆடறதைப் பாக்கத்தான் ஆசையா இருக்கு.”

அப்படியானால் இவர்தான் ரகுவரன், கோச் கதை சொன்னவர் கேப்டன் பாஸ்கர்! நைனாவைத் தடுக்கத் திரும்புவதற்குள், அவர் ரோஜா மாலையை முதல் மொட்டையின் கழுத்தில் போட்டுவிட்டார். “முருகன் சாட்சியா சொல்றேன், எங்க கோச்சு இவருதான்!”

முதல் மொட்டை, அதாவது மனோகர், மாலையோடு தேம்பித் தேம்பி அழுதார். “ஐயா, பதினோரு வருஷம் பெஞ்சுல இருந்தேன். ஒருத்தரும் எனக்கு மாலை போட்டதில்ல. இன்னிக்குத்தான் ஆசை தீர ஆடினேன்.”

நைனா முகம் வெளுத்தது. ஃபிளெக்ஸைப் பார்த்தார், மனோகரைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். முருகன் பேரைச் சொல்லிப் போட்ட மாலை. திருத்தணியில் இருந்துகொண்டு அதைக் கழற்றுவதற்கு எந்த வியாபாரிக்குத் தைரியம் வரும்?

“மிஸ், பேசாம காரையே நிறுத்திடலாமா?” என்று என் காதில் கேட்டார்.

பெண்கள் காதில் அது விழுந்துவிட்டது. ஷபானா முன்னால் வந்தாள். “நைனா, மனோகர் சார் நல்லவருதான். ஆனா அவரு கோச்சா வந்தா எங்களுக்குப் பந்தே கெடைக்காது.”

மனோகர் தலை குனிந்தார். அந்த உயரத்துக்கு அவர் குனிந்தது எல்லாருக்கும் தெரிந்தது. பிறகு அவரே மாலையைக் கழற்றி ரகுவரன் கழுத்தில் போட்டார். “மச்சான், கோச்சு நீதான். நான் மத்தியான ரயிலுக்குக் கெளம்பறேன்.”

“எங்க போற?” என்று ரகுவரன் அவர் கையைப் பிடித்தார். “இந்தப் பொண்ணுங்களுக்கு எதிர்ல ஆட ஆள் வேணும்டா. உங்கிட்டருந்து பந்தைப் பிடுங்கக் கத்துக்கிட்டா, இதுங்க எவகிட்டருந்தும் பிடுங்கும். ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை வந்து உன் இஷ்டத்துக்கு ஆடு. யாரும் உன்னை வெளிய கூப்புட மாட்டாங்க.”

மனோகர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். “மெய்யாவா?” என்று குழந்தை மாதிரி கேட்டார். நைனா அதற்குள் இன்னொரு மாலை வாங்க ஆளை அனுப்பிவிட்டார்.

6. இளைய பி.டி. டீச்சர்களுக்கு

கோர்ட் பிழைத்தது. கார்களை நைனா தன் லுங்கி குடோன் வாசலில் நிறுத்திக்கொண்டார்.

கோச் தேடுகிறவர்கள் என்னிடம் கேட்கிறார்கள்: ஸ்டாரை எடுக்கலாமா, பெஞ்சுக்காரரை எடுக்கலாமா? நான் மைக்கில் பேசியதையெல்லாம் மறந்துவிடுங்கள். ஆடுகிற பசி அவருக்கு அடங்கிவிட்டதா என்று மட்டும் பாருங்கள். பசியோடு இருக்கிறவன் கையில் கரண்டியைக் கொடுத்தால் அவன் இலைக்குத்தான் முதலில் விழும். அது அவன் குற்றமும் இல்லை.

மனோகர் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் வந்தார். முதலில் பெண்களால் அவர் நிழலைக்கூடத் தொட முடியவில்லை. தை பிறந்த பிறகு ஒருநாள் கல்பனா அவர் கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு போய்க் கூடையில் போட்டாள். அடுத்த ஆட்டத்துக்கு அவரை எதிர்பார்த்து எல்லாரும் நின்றார்கள். அவர் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினார். பிறகு கோர்ட்டை விட்டுத் தானாகவே வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இன்னா சார், ஒடம்பு சரியில்லியா?” என்று கேட்டேன்.

“இல்ல மிஸ். போதும்னு இருக்கு.” கண்ணைக் கோர்ட்டை விட்டு எடுக்காமல் குரல் கொடுத்தார்: “கல்பனா, எடது கைப் பக்கமும் பாரும்மா!”

நான் ரகுவரனைக் கூப்பிட்டு, நமக்கு இரண்டாவது கோச் கிடைத்துவிட்டார் என்றேன்.