எங்கள் தெருவில் முதல் கொடி ஏறிய இடம்

1997 ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். இரவெல்லாம் தூறியும் வானம் தெளியவில்லை. காற்று இல்லை, ஒரே புழுக்கம். சிட்லபாக்கத்தில் என் வீட்டுக் காம்பவுண்டு சுவரின் வடகிழக்கு மூலையை இரண்டு பக்கமும் ஆறாறு அடி இடித்திருந்தார்கள். அந்த வழியாக நாற்பத்தாறு பேர் என் தோட்டத்துக்குள் வந்து நின்றிருந்தார்கள். அதில் பதினொரு பேர் கனகாம்பரப் பாத்தியின் மேல். தேசிய கீதம் பாடிக்கொண்டிருந்தார்கள், ஆகவே நகருங்கள் என்று சொல்லவும் வழியில்லை.

சுதந்திரப் பொன்விழாவுக்கு மற்ற தெருக்களில் கொடியேற்றினார்கள், மிட்டாய் கொடுத்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு அது போதவில்லை. வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், என் வீட்டிலிருந்து நான்காவது வீடு. தெருவுக்கு வந்த மூன்று விளக்குகளில் இரண்டைத் தன் வாசலருகே போட்டுக்கொண்டவர். அன்றிலிருந்து எனக்கும் அவருக்கும் முகம் பார்த்துப் பேச்சில்லை.

ஜூன் மாதம் சங்கக் கூட்டத்தில் அவர் ஆரம்பித்தார். "நம்ம ஏரியாவுக்குன்னு ஒரு ஹிஸ்டரி வேணும் சார். நாற்பத்தேழுல இங்க என்ன நடந்துச்சுன்னு நம்ம பிள்ளைங்களுக்குத் தெரிய வேணாமா?"

நாற்பத்தேழில் இங்கே நெல் விளைந்தது. அதைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

எங்களுக்கெல்லாம் மனை விற்ற பழைய விவசாயியைச் செயலாளர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நிலத்தை விற்ற பணத்தில் மூன்று கடை கட்டி, வாடகை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர் அவர். சுதந்திரம் வந்த அன்று இந்த இடத்திலிருந்த புளியமரத்தில் மூங்கில் கட்டிக் கொடியேற்றியதாகவும், பன்னிரண்டு வயதில் தானே மரமேறிக் கட்டியதாகவும் சொன்னாராம். மரம் எங்கே இருந்தது என்று கேட்டதற்குத் தடியை என் வீட்டுப் பக்கமாக நீட்டினாராம். அவ்வளவுதான். என் கேட்டுக்கு எதிரே நாலடிக்கு நாலடி மேடை, கொடிக்கம்பம், கல்வெட்டு என்று செயலாளர் முடிவுசெய்துவிட்டார்.

என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. ஆட்டோ கேட்டுக்குள் வந்து வாசற்படியை ஒட்டி நின்றால்தான் ஏற முடியும். கேட்டின் அகலம் எட்டடி. எதிரே மேடை வந்தால் ஆட்டோ திரும்பவே திரும்பாது. மாதம் இரண்டு முறை தாம்பரத்துக்கு டாக்டரிடம் போக வேண்டும். அவளை நான் தூக்கிக்கொண்டா போவேன்?

"வேறு இடம் பாருங்கள்" என்றேன். எதிர்வீட்டுக்காரர் தன் கார் திரும்பாது என்றார். மூலைவீட்டம்மாள் கோலம் போட இடம் வேண்டும் என்றாள். எல்லாருக்கும் சரித்திரம் வேண்டும், தன் வாசலில் மட்டும் வேண்டாம்.

விவசாயியைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். கடைவாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மரம் சரியாக எங்கே என்று கேட்டேன்.

"கெணத்தாண்ட சார். தண்ணி எறைக்கக் கவலை இழுக்கற மாடுங்க நெழலுக்கு அங்கதான் நிக்கும்."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எங்கள் தெருவில் கருங்கல் கட்டிய பழைய பாசனக் கிணறு ஒன்றே ஒன்றுதான். அது செயலாளர் வீட்டுக் காம்பவுண்டுக்குள் இருந்தது. மேலே ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு, பள்ளிக்கூட வகுப்பறையில் ஊர் வரலாற்றுக் கூட்டம். விவசாயிக்கு மாலை போட்டு நடுவில் உட்காரவைத்தார்கள். நான் எழுந்தேன்.

"சரித்திரம் என்றால் அடி பிசகக் கூடாது. மரம் எங்கே நின்றதோ அங்கேதான் கம்பம். யார் காம்பவுண்டாக இருந்தாலும் சரி, சுவரை இடித்தாவது நட வேண்டும். சம்மதமா?"

செயலாளர் என்னை வெறித்துப் பார்த்தார். "நீங்களா சார் சொல்றீங்க?"

"நான்தான் சொல்கிறேன். மினிட்ஸில் எழுதிக்கொள்ளுங்கள்." பிறகு விவசாயியிடம் திரும்பினேன். "மரம் கிணற்றோரம்தானே?"

"ஆமா சார்."

"அந்தக் கிணறு இப்போது யார் வீட்டில் இருக்கிறது, எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னா சார், தெரியாத மாரி கேக்கறீங்க? உங்க வூட்லதான். ஈசானி மூலைல."

"என் வீட்டில் ஏது கிணறு? செயலாளர் வீட்டில் இருக்கிறதே!"

"அது பின்னால வெட்னது சார், ஒரு பஞ்சத்துல. பழைய கெணறு உங்குளுது. அஸ்திவாரம் எறங்கிப்போச்சுன்னு எங்கிட்ட சண்டைக்கு வர்ல நீங்க?"

வந்தேன். 1979இல் வீடு கட்டும்போது அந்த மூலை உள்வாங்கி, பதினேழு வண்டி கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பினேன். அது குப்பைக்குழி என்று அன்று இவரே என்னிடம் சத்தியம் செய்திருந்தார்.

"அன்றைக்குக் குப்பைக்குழி என்றீரே!"

"கெணறுன்னா நீங்க மனை வாங்குவீங்களா சார்?"

வகுப்பறை முழுக்கச் சிரித்தது. எதிர்வீட்டுக்காரர் பெஞ்சைத் தட்டினார். செயலாளர் மட்டும் சிரிக்காமல் பேனாவைத் திறந்து, "சுவரை இடித்தாவது" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

கூட்டத்தில் சொன்னது பொய்யா, அதற்குப் பதினெட்டு வருஷம் முன் சொன்னது பொய்யா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டுமே பொய்யாக இருக்கலாம். ஆனால் அந்த மூலையில் மண் உள்வாங்கியதற்குச் சாட்சி நான்தான்.

விழாவன்று எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். பாலியஸ்டர். "சார் பெரிய மனசு பண்ணி இடம் கொடுத்தார்" என்று செயலாளர் மைக்கில் சொன்னார். என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கேட்காமல் வாங்கியது. அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அந்த வருஷம் வேறெப்போதும் நான் பார்க்கவில்லை. அதற்கும் எரிச்சல்தான் வந்தது.

"கேட் தப்பிச்சுதே, விடுங்கோ" என்றாள்.

கேட் தப்பியது. அடுத்த வாரம் ஆட்டோ உள்ளே வந்து எப்போதும்போலத் திரும்பியது. ஆனால் முப்பத்தாறு சதுர அடி போயிற்று. கம்பத்தைத் தெருப்பக்கம் விட்டு, சுவரை உள்ளே தள்ளிப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. கட்டித் தருவதாக மினிட்ஸில் எங்கும் இல்லை என்று சங்கம் கையை விரித்துவிட்டது. செங்கல், சிமெண்ட், மணல், கொத்தனார் கூலி, புதிய கனகாம்பர நாற்று, மிட்டாய் எல்லாம் சேர்த்து நாலாயிரத்து முந்நூற்று இருபத்தைந்து ரூபாய்.