நகலைத் திறந்து பார்க்கிற சஃப்ரின்

“ஒரு நம்பர் சொல்லுங்க. ஒண்ணுலேருந்து எறநூத்தி முப்பத்தெட்டுக்குள்ள.”

நூற்று நான்கு என்றேன். சஃப்ரின் மவுஸை உருட்டி நூற்று நான்காவது பதிவைத் திறந்து, திரையை என் பக்கம் திருப்பினார். சற்று முன் அவர் எடுத்து வைத்த என் வலைப்பூவின் நகல் அது. பண்பொழி மலைக்கோவிலுக்கு மழையில் ஏறியதைப் பற்றி ஏழு வருடம் முன்பு எழுதியிருந்தேன். கண்ணால் ஓட்டிவிட்டு, “சரியா இருக்கு” என்றேன்.

“சத்தமா வாசிங்க.”

வாசித்தேன். பழைய எழுத்தை இன்னொருவர் முன்னால் வாய்விட்டு வாசிப்பது கூச்சமான வேலை. இரண்டாவது பத்தியில் ஒரு வாக்கியத்தை நானே விழுங்கிவிட்டேன். சஃப்ரின் விடவில்லை.

“கடைசி வரியையும் வாசிங்க. சமயத்துல தல இருக்கும், வாலு இருக்காது.”

இப்படி மூன்று எண்கள், மூன்று பதிவுகள். அதன் பிறகு ஒரு துண்டுத்தாளில் பதிவுகளின் எண்ணிக்கை, வலைப்பூவை இயக்கும் மென்பொருளின் பழைய பதிப்பு எண், தேதி, மணி எல்லாவற்றையும் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி, என்னிடம் கையெழுத்து கேட்டார். அறுவை சிகிச்சைக்கு முன்னால் வாங்குவது போல இருந்தது. சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

தென்காசிக் கோபுரத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு ரெடிமேட் கடையின் மாடியில் இருக்கிறது சஃப்ரினின் கடை. வயது முப்பத்தொன்பது. குற்றாலத்துப் பெண்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தவர். தேர்வு விண்ணப்பம், பான் கார்டு, கல்யாணப் பத்திரிகை என்று ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார்கள். அதற்கு நடுவே சுரண்டையில் ஒரு ஜவுளிக்கடை, வீரகேரளம்புதூரில் ஒரு சர்ச், என்னைப் போல விடாமல் எழுதிக்கொண்டிருக்கும் ஏழெட்டுப் பேர் ஆகியோரின் வலைத்தளங்களைப் பராமரிக்கிறார். மென்பொருளின் புதிய பதிப்பு வந்துவிட்டதென்று திரையின் மேலே மஞ்சள் பட்டை தோன்றியதும் நாங்கள் பயந்துகொண்டு இவரிடம்தான் ஓடிவருவோம்.

பதிப்பை மாற்றும் வேலையைத் தொடங்கும்போது, மணி காலை பதினொன்றாக இருந்தாலும், வாசலில் ‘உணவு இடைவேளை’ என்ற அட்டையை மாட்டிவிடுகிறார். போனை அணைத்து மேசை இழுப்பறையில் போடுகிறார். பால் சேர்க்காத தேநீர் ஒரு பிளாஸ்க்கில் இருக்கும்; கட்டன் என்பார். அது ஆறிப்போகும் வரை தொடுவதில்லை. திரையில் நீலக் கோடு நகர்ந்துகொண்டிருக்கும்போது அதோடு பேசுவார். “ஏலே, மெதுவா போ. ஒன்ன யாரும் வெரட்டல.” நேரடியாக உண்மையான தளத்தில் கைவைப்பதில்லை. முதலில் தன் கம்ப்யூட்டரிலேயே நகலை வைத்து ஒரு போலித் தளம் உண்டாக்கி, புதிய பதிப்பை அதில் ஏற்றிப் பார்க்கிறார். ஒத்திகை என்று அதற்குப் பெயர். ஒத்திகையில் எது உடைந்தாலும் உண்மைத் தளத்தை அன்று தொடமாட்டார். என் தளத்தில் படங்களைக் காட்டும் ஒரு சின்ன இணைப்பு உடைந்தது. “இன்னைக்கு முடியாது. வியாழக்கிழம வாங்க” என்று சொல்லிவிட்டு அட்டையைக் கழற்றினார்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று செய்கிறார். தளம் தங்கியிருக்கும் சர்வர் கம்பெனிக்குப் போன் போட்டு, அவர்கள் பக்கத்தில் நகல் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டுத் தாளில் குறித்துக்கொள்கிறார். இத்தனை வருடமாக ஒரே பதில்தான் வருகிறதாம். இருந்தும் ஒவ்வொரு முறையும் கேட்கிறார்.

“எதுக்கு இவ்வளவு?” என்று வியாழக்கிழமை கேட்டேன்.

“சொல்லுதேன். யார் தளத்தையும் மொத தடவ தொடுததுக்கு முன்னாடி இதச் சொல்லிட்டுத்தான் தொடுவேன். கேட்டுட்டு வேற ஆள்ட்ட போறதுன்னா போயிருங்க” என்றார்.

சாம் என்று ஒருவர். குற்றாலத்தில் ஆட்டோ ஓட்டுகிறார். சஃப்ரின் கல்லூரிக்குப் போன மூன்று வருடமும் அவருடைய ஆட்டோவில்தான் போய் வந்தார். சீசன் காலத்தில் ராஜபாளையத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் சாமுக்குப் போன் வந்துகொண்டே இருக்கும். தண்ணீர் விழுகிறதா, குளிக்க விடுகிறார்களா, கூட்டம் எப்படி? பதில் சொல்லி வாய் வலிக்கிறது என்று அவர் சொன்னபோது, 2013 ஜூனில் சஃப்ரின் அவருக்கு ஒரு வலைப்பூ தொடங்கிக் கொடுத்தார். தினமும் ஒரு படம், நாலு வரி. ஐந்தருவியில் எத்தனை கிளையில் தண்ணீர், மெயின் அருவியில் என்ன நிலை, பழைய அருவிக்குப் போகலாமா. போனிலேயே தட்டிப் போட்டுவிடுவார். சீசன் இல்லாத மாதங்களிலும் எழுதினார். காய்ந்த பாறையின் படத்தைப் போட்டு, ‘இன்று ஒன்றும் இல்லை’ என்று எழுதிய நாட்கள் உண்டு.

அந்த வலைப்பூவுக்குத் தவறாமல் வரும் வாசகி ஒருவர் இருந்தார். சாமின் தங்கை ஷெர்லின். குவைத்தில் நர்ஸ். பணி முடிந்து அறைக்கு வந்ததும் அண்ணனின் பதிவைப் படித்துவிட்டு அடியில் ஏதாவது எழுதுவார். அதற்கு சாம் பதில் எழுதுவார். போனில் பேசினால் வீட்டுப் பிரச்சினை, உடம்பு, ஊர்ச் சண்டை என்று போய்விடும். இங்கே அருவியைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள். ஏழு வருடம் அப்படிப் பேசினார்கள். 2020 ஜூலையில், கொரோனா வார்டில் பணியிலிருந்த ஷெர்லினுக்கும் தொற்றியது. அங்கேயே இறந்தார், அங்கேயே அடக்கம் செய்தார்கள். வீட்டார் யாரும் போக முடியவில்லை.

சாம் எழுதுவதை நிறுத்திவிட்டார். அருவிகளும் மூடித்தான் கிடந்தன. 2022 ஜூனில் நல்ல சாரல். மறுபடி எழுதலாமென்று வலைப்பூவைத் திறந்தவருக்கு வெள்ளைத் திரை மட்டும் வந்தது. சர்வரில் எல்லாம் புதிதாகிவிட்டது, இவருடைய மென்பொருள் பழையதாகவே நின்றுவிட்டது. மாடியேறி வந்தார்.

“அர மணி நேரம்ணே, ஒரு ட்ரிப் அடிச்சிட்டு வாங்கன்னேன்” என்றார் சஃப்ரின். “அப்படித்தான் சொன்னேன். அந்தத் திமிரு இருந்துச்சு எனக்கு.”

நகல் எடுக்காமல் இல்லை. படங்கள் ஓரிடத்தில் இருக்கும், எழுத்தும் பின்னூட்டங்களும் தரவுத்தளம் என்ற வேறோர் இடத்தில் இருக்கும். இரண்டையும்தான் எடுத்தார். இரண்டும் கம்ப்யூட்டரில் வந்து இறங்கியதைப் பார்த்தார். இரண்டாவது கோப்பு எவ்வளவு பெரியது என்று பார்க்கவில்லை, திறந்தும் பார்க்கவில்லை. புதிய பதிப்பை ஏற்றினார். பாதியில் நின்றது. மறுபடி ஏற்றினார், மறுபடி நின்றது. கையில்தான் நகல் இருக்கிறதே என்று பழையதை முழுக்க அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினார். அழித்த பிறகுதான் நகலைத் திறந்தார். மேலே நாலைந்து வரி. அதற்குக் கீழே, அளவு அதிகம் என்பதால் இடையில் நிறுத்தப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அவ்வளவுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரம் பதிவுகள் இருந்த இடம்.

“அது தப்புதான். ஆனா அந்தத் தப்ப எல்லாரும் ஒரு தடவ செய்வாங்க” என்றார். “நான் செஞ்ச தப்பு அதுக்கப்புறம்.”

மாலை ஐந்தரைக்கு சாம் வந்தார். 

“ஆயிட்டா?”

“சர்வர் மெதுவா இருக்குண்ணே. நாளைக்கு வாங்க.”

“மெதுவாவே செய்யி. ஒண்ணும் அவசரமில்ல” என்று சொல்லிவிட்டு சாம் இறங்கிப் போனார். அழித்த எழுத்தை எப்படியாவது தானே மீட்டுவிடலாமென்று சஃப்ரின் நினைத்தார். சர்வர் கம்பெனிக்குப் போன் செய்தால் என்ன செய்தாய் என்று கேட்பார்கள்; படித்த பெண் இப்படியா என்பார்கள். அதனால் அன்று அவர் கூப்பிடவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் கூப்பிட்டார்.

மறுமுனையில் இருந்தவர் பொறுமையாகப் பேசினாராம். “மேடம், வாரத்துக்கு ஒரு பேக்கப்தான் வச்சிருப்போம். புதுசு எடுத்ததும் பழசு போயிரும். இன்னைக்குக் காலைல நாலு மணிக்குப் புதுசு எடுத்தாச்சு.”

“அதுல என்ன இருக்கு?”

“ஒரே ஒரு போஸ்ட் இருக்கு மேடம்.”

புதிதாக நிறுவும்போது மென்பொருள் தானாகப் போட்டுக்கொள்ளும் வரவேற்புப் பதிவு அது.

“நேத்து சாயந்திரம் கூப்பிட்டிருந்தா?”

“கூப்பிட்டிருந்தா போன வாரத்து காப்பி அப்படியே இருந்திருக்கும் மேடம்.”

இதைச் சொல்லும்போது சஃப்ரின் அந்த ஊழியரின் குரலையே கொண்டுவந்துவிடுகிறார். அதே பொறுமை, அதே மேடம். பலமுறை சொல்லிச் சொல்லிப் படிந்துபோன குரல்.

அன்றைக்கு அவர் சாமை வரச்சொல்லவில்லை. பஸ் பிடித்துக் குற்றாலத்துக்குப் போய், ஆட்டோ நிறுத்தத்தில் அவரைத் தேடிப் பிடித்துச் சொன்னார். சாம் பின்சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“படமெல்லாம் இருக்கா?”

“இருக்குண்ணே.”

“எழுத்து?”

“போயிட்டுண்ணே.”

“நான் எழுதுனது போனா போட்டும். தண்ணி வருசா வருசம் விழத்தானே செய்யுது, திரும்ப எழுதிக்கிடலாம்.” துணியை மடித்தார். “அவ எழுதுனது?”

சாம் ஏசவில்லை. மூன்று பேர் சவாரிக்கு வந்து நின்றார்கள். பழைய அருவிக்கு என்றார்கள். ஏற்றிக்கொண்டு போய்விட்டார். “ஒரு வார்த்த ஏசியிருக்கலாம்” என்றார் சஃப்ரின். “எங்க வாப்பாவா இருந்தா அடிச்சிருப்பாவ. இவரு ஒண்ணுஞ்சொல்லல பாத்தியளா, அதுதான் இன்னும் கெடந்து அரிக்கி.”

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர் வேறு வேலை எடுக்கவில்லை. இணையத்தின் பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் தளங்களில் தேடினார். சாமின் வலைப்பூவின் முகப்புப் பக்கம் மட்டும், வெவ்வேறு இருபத்திரண்டு நாட்களில் இருந்தபடி, சிக்கியது. முகப்பில் பதிவுகள் இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் பின்னூட்டம் 3, பின்னூட்டம் 5 என்று எண் இருந்தது. எண்ணை அழுத்தினால் பக்கம் இல்லை என்று வந்தது. எத்தனை முறை பேசினார்கள் என்று தெரிந்தது. என்ன பேசினார்கள் என்பது மட்டும் இல்லை.

பிறகு ஒரு நாள் நினைவுக்கு வந்தது. வலைப்பூவைத் தொடங்கியபோது சஃப்ரின் தன்னுடைய மின்னஞ்சலைத்தான் கொடுத்திருந்தார். யார் பின்னூட்டம் எழுதினாலும் அது அவருக்கு ஒரு கடிதமாக வந்துவிடும். பழைய பெட்டியைத் திறந்து தேடினார். ஷெர்லின் எழுதியவை வந்திருந்தன. பதினான்கு. பதினைந்தாவது இல்லை. மெயில் மேல் மெயிலாக வருகிறதென்று பத்தாம் நாளே அந்த வசதியை நிறுத்திவிட்டது அவரேதான்.

அந்தப் பதினான்கையும் அச்செடுத்துச் சாமிடம் கொடுத்திருக்கிறார். எனக்கு இரண்டைச் சொன்னார். ‘அண்ணே, இங்கன ஐம்பது டிகிரி. ஒன் படத்தப் பாத்துட்டுத்தான் படுக்கேன்.’ இன்னொன்று: ‘பழைய அருவி போடு. எங்க வார்டு ஆட்களுக்குக் காட்டணும், நம்ப மாட்டுக்காவ.’

வேலை முடிந்தது. என் வலைப்பூ புதிய பதிப்புக்கு மாறிவிட்டது. இருநூற்று முப்பத்தெட்டும் இருந்தன. மறுபடி மூன்று எண்கள் கேட்டு, மறுபடி வாசிக்கச் சொன்னார். கிளம்ப எழுந்தபோது படியில் காலடிச் சத்தம். காக்கிச் சட்டை, நனைந்த தோள், ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். சாம் என்று சஃப்ரின் சொல்லாமலே தெரிந்தது.

ஒரு வருடம் சும்மா இருந்தவரை, அடுத்த சீசனில் சஃப்ரின் போய்ப் பேசி மறுபடி எழுத வைத்திருக்கிறார். எழுத வைத்தார் என்பதும் சரியில்லை. சாம் இப்போது வலைப்பூவைத் திறப்பதில்லை. தென்காசிக்குச் சவாரி வரும் நாளில் மாடியேறி வந்து வாயால் சொல்லுவார். வர முடியாத நாளில் போனில் சொல்லுவார். சஃப்ரின் தட்டுவார்.

“அஞ்சருவியில அஞ்சுலயும் விழுது. மெயின்ல தண்ணி கூடிட்டு, கயிறு கட்டிட்டான், விடல. பழைய அருவி பரவால்ல. காத்து இருக்கு, பிள்ளையளுக்குத் துண்டு கொண்டாங்க.”

“துண்டையும் போடவாண்ணே?”

“போடு. போன வாரம் ரெண்டு பச்சப்பிள்ளையளு வெடவெடன்னு நடுங்கிட்டுவ.”

படத்தை ஏற்றி, எழுத்துப் பிழை பார்த்து, பதிவை வெளியிடும் இடத்துக்கு வந்தார் சஃப்ரின். திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. வாசகர்கள் பின்னூட்டம் இடலாமா என்பதற்கானது. ஒவ்வொரு புதிய பதிவிலும் அதில் டிக் தானாக விழுந்துவிடும். பின்னூட்டமே வேண்டாமென்றால் எல்லாப் பதிவுகளுக்குமாக ஒரேயடியாக மூடிவிட அமைப்புகளில் வழி உண்டு. எனக்கே அது தெரியும்.

“தொறந்து வைக்கவாண்ணே?”

சாம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மலை முழுக்க மேகம் இறங்கியிருந்தது. தலையை மட்டும் இல்லையென்று ஆட்டினார்.

“சரிண்ணே” என்று சொல்லி, சஃப்ரின் அன்றைய பதிவுக்கு மட்டும் அந்த டிக்கை எடுத்தார்.